முதல் இசைத்தட்டு வந்தது. பின்னாலேயே கொலை வழக்கு!
ஜமைக்கா இசைக்கோஷ்டி உடைந்த கதை

முதல் எல்.பி. இசைத்தட்டு வெளிவந்த சூடு ஆறவில்லை. கோஷ்டியின் முக்கிய வாத்தியக்காரர் கொலை வழக்கில் கைதானார். ஜமைக்காவையே உலுக்கிய அந்தச் சம்பவத்தின் விவரம் வருமாறு:-

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். 1964-ல் அங்கே "ஸ்கடலைட்ஸ்" என்ற கோஷ்டி உதயமானது. "சாட்டிலைட்" என்ற பெயரை "ஸ்கா" சேர்த்து மாற்றிக்கொண்டார்கள்.

அதென்ன ஸ்கா? நாம் கையால் தாளம் போடுகிறோமே, அந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கிட்டாரும் பியானோவும் "சக், சக்" என்று வெட்டும். அதுதான் ஸ்கா. அதற்கு மேல் ஜாஸ் பாணியில், ஒவ்வொருவராக மனம் போன போக்கில் கற்பனையாக வாசிப்பார்கள்.

கன்னிமாடத்து பையன்கள்

கோஷ்டியில் நாலு பேர் "ஆல்பா" பள்ளியில் படித்தவர்கள். அனாதைப் பையன்களையும் அடங்காத பையன்களையும் கன்னியாஸ்திரீகள் வளர்த்த பள்ளி அது. பள்ளிக்கு மட்டம் போட்டதால் தாயாரே அங்கே கொண்டுபோய் விட்ட பையன்தான் டான் டிரம்மண்ட். டிராம்போன் ஊதுவதில் பெரிய கெட்டிக்காரர் ஆனார். ஆனால் மனநோய் அவரை விடவில்லை.

1964-ல் "ஸ்கா ஆதென்டிக்" என்ற முதல் எல்.பி. வந்தது. பாப் மார்லி கோஷ்டியின் ஆரம்பப் பாட்டுகளுக்கும் இவர்கள்தான் பின்னணி வாசித்தார்கள்.

நடன அழகி கொலை

டிரம்மண்டின் காதலி அனிதா மஹ்பூத். "மார்கரிட்டா" என்றால் ஊருக்கே தெரியும். ரம்பா நடன அழகி. ஏழை ராஸ்தபாரி மேளக்காரர்களை மேடை ஏற்றினால்தான் ஆடுவேன் என்று அடம்பிடித்து, சாதித்தும் காட்டியவர்.

1965 புத்தாண்டு பிறந்த சமயம். விடியாத நேரத்தில் போலீஸ் நிலையத்துக்கு டிரம்மண்ட் தானே நடந்து வந்தார். அவள் தன்னைத்தானே குத்திக்கொண்டாள் என்றார். போலீசார் போய்ப் பார்த்தபோது, மார்பில் கத்திக்குத்துடன் மார்கரிட்டா பிணமாகக் கிடந்தார்.

டிரம்மண்டுக்காக வாதாடியவர் பி.ஜே.பாட்டர்சன். பிற்காலத்தில் ஜமைக்காவின் பிரதமர் ஆனவர்! குற்றம் செய்தவர்தான், ஆனால் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கோர்ட்டு முடிவு செய்தது. தூக்குமேடைக்குப் பதில் பெல்வியூ மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. 1969 மே 6-ந்தேதி அங்கேயே இறந்தார்.

கோஷ்டியோ 1965 ஆகஸ்டிலேயே கலைந்துவிட்டது. ஆயுள் சுமார் 14 மாதம்தான். அந்தத் தாளத்தின் வேகம் குறைந்து, பிறகு ரெகே இசை பிறந்தது.

1983-ல் மிஞ்சியவர்கள் மறுபடி ஒன்றுகூடி உலகம் சுற்றினார்கள். டிரம்மண்ட் வாசித்ததும், அவர் மேல் ஆசைப்பட்டு மார்கரிட்டா பாடிய ஒரு பாட்டும் மட்டும் இசைத்தட்டில் மிச்சம்.