கிருமியை கொல்லும் கடல் பாசி! புண்ணில் அரைத்து பூசலாமா?

ராமநாதபுரம்:
ராமநாதபுரம் மாவட்ட மன்னார் வளைகுடா கரையோரம் பாசி எடுப்பதுதான் நிறைய பெண்களுக்கு பிழைப்பு. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை பறித்து வருகிறார்கள்.

கடல் பாசிகள் பலவற்றில் கிருமியை கொல்லும் சத்து இருப்பது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. அப்படின்னா பாசியை அரைத்து புண்ணில் பூசலாமா? கூடவே கூடாது.

பாசிக்கு எதுக்கு மருந்து?

ஒரு ஸ்பூன் கடல் தண்ணீரில் லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. பாறையில் ஒட்டி வளரும் பாசியால் தப்பி ஓட முடியாது. அதனால் கிருமிகள் மேலே படியாமல் இருக்க தானே ரசாயனம் தயாரிக்கிறது. சில சிவப்பு பாசிகள் இதற்கு கடல் நீரில் உள்ள புரோமினை எடுத்துக்கொள்கின்றன.

ஆஸ்திரேலிய கடலில் உள்ள டெலிசியா என்ற சிவப்பு பாசி பலே கில்லாடி. பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயன சிக்னலையே கட் பண்ணி, கூட்டம் சேர விடாமல் செய்து விடுகிறது.

லேப்பில் பாஸ்

பாசியை காயவைத்து பொடியாக்கி, ஆல்கஹாலில் ஊறவைத்து சாறு எடுப்பார்கள். அதில் நனைத்த சின்ன காகித வில்லையை கிருமி வளரும் தட்டில் வைப்பார்கள். மறுநாள் வில்லையை சுற்றி கிருமி இல்லாத வட்டம் விழுந்தால் பாஸ். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் கிருமியிடமே பல பாசிகள் பாஸ் ஆகியுள்ளன.

உடம்பில்தான் சிக்கல்

தட்டில் கிருமி சாவது வேறு, உடம்பில் நோய் தீர்வது வேறு. கிருமியை கொல்லும் அளவு நம் உடம்பு செல்லையும் கெடுக்கலாம். சீசனுக்கு சீசன், இடத்துக்கு இடம் சத்தின் அளவும் மாறும். பாசியில் இருந்து எடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை எதுவும் இன்னும் மருந்து கடைக்கு வரவில்லை. பச்சை பாசியில் மணலும் கிருமியும் ஒட்டியிருக்கும். பூசினால் புண் இன்னும் மோசமாகும். டாக்டர் கொடுத்த மாத்திரையை பாதியில் நிறுத்துவதும் ஆபத்து.

ஆஸ்பத்திரியில் பாசி

ஆனால் பாசி வேறு வழியில் எப்போதோ ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது. 1881ல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண், சமையலில் ஜெல்லி செய்யும் அகர் அகரை கிருமி வளர்க்க பயன்படுத்தலாம் என்று ஆராய்ச்சியாளரான கணவருக்கு யோசனை சொன்னார். அது உடம்பு சூட்டில் உருகாது. பெரும்பாலான கிருமிகளால் அதை தின்னவும் முடியாது.

சிறுநீர், சீழ் ‘கல்ச்சர் டெஸ்ட்’ செய்யும் தட்டில் இருப்பது இந்த ஜெல்லிதான். எந்த கிருமி, எந்த மாத்திரைக்கு சாகும் என்று கண்டுபிடிப்பது அதன் மேல்தான். அந்த அகர் அகர், நம்மூர் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்து பாசி போன்ற பாசிகளில் இருந்துதான் கிடைக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.