கணினி போடும் பட்டியல்

2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸை நம் தருமபுரி மாவட்டத்து மூத்த மாணவியர் பலர் கண்டிருப்பர். லினக்ஸில் 'லொகேட்' என்னும் தேடுகருவியை நிறுவினால், 'அப்டேட்டிபி' என்ற துணைநிரல் நாள்தோறும் வட்டு முழுவதையும் துழாவிக் கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும். தேடுவோர்க்கு இது பெரும் உதவியே.

ஆனால் ஆய்வகத்தின் 40 கணினிகளும் ஒரே வேளையில் ஒரே பொதுச் சேமிப்புக் கணினியைத் துழாவினால்? சுழலும் வட்டில் படிக்கும் முனை அங்குமிங்கும் ஓடித் திணறும். பாடக்கோப்பைக் கேட்ட மாணவி காத்துக் கிடப்பாள். கணினியை நொந்து பயனில்லை. 'அப்டேட்டிபி.கான்ஃப்' கோப்பில், விலக்க வேண்டிய இடங்களைக் குறிக்கும் 'புரூன்பாத்ஸ்' வரியில் பொதுச் சேமிப்பின் பாதையைச் சேர்த்தால், மாணவியர் கணினிகள் அதனைத் துழாவமாட்டா. பட்டியலைச் சேமிப்புக் கணினியே இரவில் ஒருமுறை எழுதிக்கொள்ளட்டும்.