சாலிட்டேர் சீட்டும் ஒரு கட்டம் போட்ட நோட்டும்

விண்டோஸில் சாலிட்டேர் ஆடிப் பார்க்காத வாசகர்கள் மிகக் குறைவு. 1990-ல் விண்டோஸ் 3.0 தொகுப்புடன் வந்த அந்த விளையாட்டின் சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். இவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் அல்ல. வெளியிலிருந்து வேலை செய்து கொடுத்த ஃப்ரீலான்ஸ் டிசைனர்.

இவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர். பகல் முழுவதும் கோடிங், இரவில் டிசைன் ஆசை. சென்ற வருடம் ராஜினாமா கடிதத்தைக்கூட டைப் செய்து டிராஃப்ட்டில் வைத்திருந்தேன். அப்போதுதான் முதல் வெளிவேலை வந்தது. எங்கள் தெருத் தையல் கடைக்காரர், தன் அளவு நோட்டைச் செல்போனில் வைத்துக்கொள்ள ஒரு ஆப் செய்திருந்தார். அதற்கு ஐகான் வேண்டும் என்றார். ஒரு வாரம் மானிட்டர் முன் உட்கார்ந்து ஆறு படங்கள் செய்தேன். பெரிதாகப் பார்த்தால் பிரமாதம். செல்போனில் பார்த்தால் ஏதோ ஒரு கறை! ஆறும் திரும்பி வந்தன.

பன்றிச் சிற்பத்திலிருந்து மேக்கிண்டோஷ்

சூசன் கேர் கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. கலை படித்து, 1978-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1982-ல் ஒரு அருங்காட்சியகத்துக்காக நிஜ அளவில் காட்டுப்பன்றிச் சிற்பம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, பள்ளி நண்பர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடமிருந்து போன் வந்தது. அவர் அப்போது ஆப்பிளில் மேக்கிண்டோஷ் குழுவில் இருந்தார். புதிய கம்ப்யூட்டருக்குப் படங்களும் எழுத்துருக்களும் தேவைப்பட்டன.

கேர் முதலில் வாங்கியது ஒரு கிராப் நோட்டு. மேக்கின் ஐகான் 32-க்கு 32 புள்ளிகள், அதாவது மொத்தம் 1024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். காகிதத்தில் கட்டங்களைப் பேனாவால் நிரப்பியே வரையத் தொடங்கினார். இது அவருக்குப் புதிதும் அல்ல. நூலை எண்ணித் தைக்கும் எம்ப்ராய்டரியைச் சிறு வயதிலேயே அம்மாவிடம் கற்றவர். துணியில் ஒரு தையல், திரையில் ஒரு பிக்சல். இரண்டும் ஒரே கணக்குதானே!

மேக் கீபோர்டில் இன்றும் உள்ள கமாண்ட் குறியும் அவர் தேர்ந்தெடுத்ததுதான். குறியீடுகள் அடங்கிய ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. பார்க்கத் தகுந்த இடங்களைக் காட்ட ஸ்வீடனில் பயன்படும் குறி அது.

1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸுடன் நெக்ஸ்ட் நிறுவனத்துக்குப் போனார். அதன் பிறகே தனியாகத் தொழில் தொடங்கினார். மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், பிற்பாடு ஃபேஸ்புக் என்று வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அந்தப் பழைய கிராப் தாள்களை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2015-ல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

நத்தையா தம்பி?

இதைப் படித்த மறுநாள் பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, தையல் கடை பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். சுருட்டிய இஞ்ச் டேப்பை வரைந்து, அங்கே தைக்கும் வயதான அம்மாவிடம் காட்டினேன்.

"இது நத்தையா தம்பி?" என்றார்.

கத்தரிக்கோல் வரைந்தேன். "முடிவெட்டுற கடைன்னு நினைப்பாங்களே."

மூன்றாவதாக ஒரு வட்டம், உள்ளே நான்கு புள்ளிகள். நான் வாயைத் திறப்பதற்குள், "பொத்தான்!" என்றார். அன்று மாலையே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினேன். கடைக்காரர் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. 2000 ரூபாய் கையில் கொடுத்தார்.

நீங்களும் செய்து பாருங்கள்

நோட்டில் 32-க்கு 32 கட்டம் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். வண்ணம் வேண்டாம், கறுப்பு மட்டும் போதும். வரைந்ததைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லவே கூடாது. அவர் சரியாகச் சொன்ன பிறகு மவுஸைத் தொடுங்கள்.

ராஜினாமா கடிதம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அழித்துவிட்டேன். ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியாது. கேரும் இரண்டு நிறுவனங்களில் வேலை பார்த்த பிறகுதான் தனியாக வந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நோட்டும் நானும் மட்டும்தான். இதுவரை பதினான்கு பக்கம் நிரம்பியிருக்கிறது.