கையெழுத்து மட்டும் போதாது! கணக்குக் கேட்க வரும் தாய்மார்கள்!!

சென்னை, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இந்த மூன்று பெயரையும் போலீஸ் செய்தியில்தான் அதிகம் படித்திருப்பீர்கள். இன்று சொல்லப் போவது பள்ளிக்கூடத்துச் செய்தி. ஆனால் போலீஸ் செய்திக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

2000-ல் கண்ணகி நகருக்கு முதல் குடும்பங்கள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களை லாரியில் ஏற்றி பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். சட்டி பானை, கட்டில், பீரோ எல்லாம் வந்து சேர்ந்தது. பையனின் பள்ளிக்கூடம் மட்டும் சிந்தாதிரிப்பேட்டையிலேயே நின்றுவிட்டது!

படிப்பு வருஷம் பாதியில் வீடு மாறினால் என்ன ஆகும்? முதல் மாதம் விடியற்காலை பஸ் பிடித்துப் போவான். இரண்டாவது மாதம் வாரத்தில் இரண்டு நாள் மட்டம். அப்புறம் மாடிப்படிதான் வகுப்பு. "எந்த கிளாஸ்டா படிக்கிறே?" என்றால் "நின்னுட்டேன் சார்" என்பான். போலீஸ் நிலைய வாசலில் நிற்கும் நிருபர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல.

சட்டம் தாய் பக்கம்

அந்தப் பையனைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது யார் வேலை? வாத்தியார் வேலை, அதிகாரி வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம், பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு என்கிறது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்.

பல வருஷம் இது காகிதத்தில்தான் இருந்தது. தன் பெயர் குழுவில் இருப்பது தெரியாத உறுப்பினர்களும் உண்டு! 2022 மார்ச் 20-ந்தேதி தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி, பிறகு குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைவர் கண்டிப்பாக ஒரு தாய். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள்.

மூணு மணிக்கு யார் வர்றது?

2022-ல் கூட்டத்துக்கு வைத்த நேரம் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணி. அங்கேதான் சிக்கல். இந்தப் பக்கத்துத் தாய்மார்களில் நிறையப் பேர் வீட்டு வேலை செய்பவர்கள். காலையில் பஸ் ஏறி பட்டணத்துக்குள் போனால் திரும்ப இருட்டிவிடும். கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. வந்தாலும் நோட்டை நீட்டி "இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றால், அதற்கு எதற்கு அரை நாள்?

தொண்டு நிறுவனத்துக் களப்பணியாளர்களுக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான். 'என்ஜிஓ அக்கா' என்று பிளாக்கில் கூப்பிடுவார்கள். நல்ல அக்கா என்றால் தாய்மாருக்குப் பதிலாகத் தான் பேசமாட்டார். ராத்திரி ஏழு மணிக்கு மேல் மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். தீர்மான நோட்டைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. எழுத்து தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல். "செய்யறோம்" என்றால் "எந்தத் தேதிக்கு சார்?" என்று கேள். மனு கொடுத்தால் நகல் ஒன்று கையில் வை.

எந்த மனு எந்த ஆபீசுக்கு என்பதே தனிப் படிப்பு! ஆசிரியர் இல்லை என்றால் கல்வித் துறை. பஸ் வரவில்லை என்றால் மாநகர் போக்குவரத்துக் கழகம். குடியிருப்புப் பிரச்சினை என்றால், சேரி மாற்று வாரியம் என்று ஜனங்கள் இன்னமும் சொல்லும் வாரியம். 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். 2011-ல் மாநகராட்சி எல்லை விரிந்தபோது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்தன. பெரும்பாக்கம் அப்போது ஊராட்சியாகவே நின்றது. ஒரே சாலைப் பக்கம், ஒரே மாதிரி வீடு, குப்பைக்கு மட்டும் வேறு ஆபீஸ்!

"நமக்கு எதுக்கு வம்பு? வாத்தியார் என் புள்ள மேல கோவத்தக் காட்டினா?" இந்தப் பயம்தான் பெரிய பூட்டு. பயம் வீண் என்று சொல்லிவிட முடியாது. கேள்வி கேட்காத தாய் தலைவராக இருந்தால் சில பள்ளிக்கூடங்களுக்கு வசதி. கட்சிக்காரர்களுக்கும் வசதி. அதனால்தான் ஒருத்தியைத் தனியாக அனுப்பாமல் நாலு பேராகப் போகச் சொல்கிறார்கள்.

காமராஜர் காலத்தில் 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பிறகு ஊர் ஊராக நடந்தது. ஜனங்கள் மேஜை, நாற்காலி, மணி, கட்டடம் என்று அள்ளிக் கொடுத்தார்கள். அன்று ஊரைக் கேட்டது பொருள். இன்று சட்டம் கொடுப்பது அதிகாரம். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் குழுவின் வேலை.

டி.சி. இல்லையா?

சரி, சிந்தாதிரிப்பேட்டையில் நின்றுவிட்ட பையன்? இங்கே சேர்க்கப் போனால் "டி.சி. எங்கே?" என்பார்கள். வாங்கி வர ஒரு நாள் கூலி போகும். அதோடு பையன் விஷயம் கிடப்பில் விழும்.

இங்கேதான் மாடிப்படிப் பாடம் கைகொடுக்கும். டி.சி. இல்லை என்று சொல்லி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ சட்டத்தில் இடமில்லை. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். இது தெரிந்த தாய் பள்ளி வாசலில் நிற்கும் நிலையே வேறு. எந்தெந்த பிளாக்கில் எத்தனை பிள்ளைகள் நின்றுவிட்டார்கள் என்ற பட்டியல் அவள் கையில் இருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியருக்கு அதுதான் முதல் தீர்மானம்.