விளையாட்டுக்குள் ஒலிக்கும் பாட்டு

ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களில் தாய்மார் கூட்டங்களை நடத்தும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "புள்ள எந்நேரமும் போன்லதான் இருக்கு மிஸ். அந்த கேம் சத்தம் மண்டையக் குடையுது" என்பார்கள். விளையாடும் நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாம் 'சத்தம்' என்று ஒதுக்குவது ஒருவர் உட்கார்ந்து அமைத்த இசை. அந்த ஒருவர் பல வேளைகளில் ஒரு பெண் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1980களில் ஜப்பானில் வீடியோ விளையாட்டுகள் பரவியபோது அவற்றுக்கு இசையமைத்தவர்களில் இளம் பெண்கள் பலர் இருந்தனர். 1986இல் வெளிவந்த 'காசில்வேனியா' விளையாட்டின் இசை கினுயோ யமஷிதா, சதோயே தெராஷிமா என்ற இரு பெண்களுடையது. ஆனால் விளையாட்டின் முடிவில் 'ஜேம்ஸ் பனானா' என்ற ஆண் புனைபெயரே காட்டப்பட்டது. உழைப்பு பெண்ணுடையது, பெயர் வேறொன்று. இது எமக்குப் புதிய கதையா?

காலம் மாறியது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிகள் வீடியோ விளையாட்டு இசைக்கு நடந்து வந்தன. 2023இல் அமெரிக்காவின் கிராமி விருதுகளில் இவ்விசைக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் முதல் விருதைப் பெற்றவர் ஸ்டெபனி எகொனமூ என்ற பெண். 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டுக்கு இசையமைத்தவர்களில் முதன்மையானவரான யோகோ ஷிமொமுராவுக்கு, பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு 2025இல் தனது மிக உயர்ந்த கௌரவத்தை வழங்கியது.

இவ்விசை ஏன் இப்படி மனதில் ஒட்டிக்கொள்கிறது? பழைய கருவிகளால் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு ஒலிகளைத்தான் எழுப்ப முடிந்தது. ஆகவே சிறிய மெட்டை, திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காதபடி அமைக்க வேண்டியிருந்தது. எமது தாலாட்டும் அப்படித்தானே? 1989இல் 'கேம் போய்' கருவியில் வந்த 'டெட்ரிஸ்' விளையாட்டு, ஒரு பழைய ரஷ்யப் பாடலின் மெட்டை உலகெங்கும் கொண்டு சென்றது. ஊர் ஊராகச் சாமான் விற்கும் வியாபாரியும் ஒரு பெண்ணும் பேரம் பேசும் பாடல் அது. தோட்டத்துக்குச் சீலை மூட்டையோடு வரும் வியாபாரியை அறிந்த எமக்கு அது அந்நியமான பாடல் அல்ல.

தமிழும் இவ்வழியில் நுழைந்துவிட்டது. 2023இல் கனடாவின் டொரொன்டோவிலிருந்து 'வெண்பா' என்ற விளையாட்டு வெளிவந்தது. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி இட்லியும் புட்டும் சமைக்கிறாள். பழைய தமிழ்ச் சினிமாப் பாடல்களின் சாயலில் புதிதாக அமைக்கப்பட்ட பாடல்கள் அவளது வானொலியில் ஒலிக்கின்றன. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

எனக்குத் தெரிந்த தோட்டமொன்றில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய மாணவி ஒருத்தி இருக்கிறாள். இலவசச் செயலி ஒன்றின் மூலம் கைத்தொலைபேசியிலேயே மெட்டுக் கட்டுகிறாள். அவளைக் கொழும்பில் கடை வேலைக்கு அனுப்புவதா, உயர்தரம் படிக்க வைப்பதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. "பாட்டு சோறு போடுமா மிஸ்?" என்று தாய் கேட்டார். நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்தும் அவரது கேள்வி நியாயமானது. மெட்டுக் கட்டும் எல்லோருக்கும் தொழில் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வயதில் கடைக்குப் போனவள் திரும்பிப் படிக்க வருவது அரிது. "இரண்டு வருடம் மட்டும் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறேன்.

சகோதரிகளே, விளையாட்டு நேரத்தைக் குறையுங்கள். ஆனால் மகள் ஒரு மெட்டை முணுமுணுத்தால் வாயை அடைக்காதீர்கள். 'இதை யார் போட்டது?' என்று கேளுங்கள். கொழுந்து மலையில் பாடிய பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை அன்று தேடித் தேடித் தொகுத்தார். இன்று அதே வேலைக்கு வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசி போதும். பாட்டியின் பாட்டை அதில் பதிவுசெய்து பேத்தியிடம் கொடுங்கள். பாடியவரின் பெயரையும் மறக்காமல் சேர்த்து வையுங்கள்.