பழுதே பண்ணானது

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர் ஒலிபெருக்கி நிலையத்தில் உதவிக்குச் சென்றிருந்தேன். ஒரு திருமண வீட்டில், இசைக் குழுவினரின் கிதாரை எங்கள் ஆம்ப்ளிபயரில் இணைத்துவிட்டு, ஒலி போதவில்லையே என்று குமிழை முழுவதும் திருகிவிட்டேன். ஒலி கரகரவென்று உடைந்தது. "தம்பி, ஸ்பீக்கரைக் கிழிச்சிடாதே!" என்று கடைக்காரர் பதறினார். கிதார் வாசித்தவரோ, "அப்படியே விடுங்க, அதுதான் வேணும்!" என்றார். யார் சொன்னது சரி? இயற்பியல் மாணவனாகிய என்னை இவ்வினா நெடுநாள் விடவில்லை.

மின்கிதாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் சுருளும் உள்ளன. கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. எல்லாம் பாரடே விதிதான். அதைப் பெருக்குவது ஆம்ப்ளிபயர். ஆனால் எந்தப் பெருக்கிக்கும் எல்லை உண்டு. அதற்கு மேல் வற்புறுத்தினால் அலையின் முடியும் அடியும் மழுங்கித் தட்டையாகும். அப்போது மூல அதிர்வெண்ணோடு அதன் மும்மடங்கு, ஐம்மடங்கு போன்றவையும் புதிதாகப் பிறக்கும். வால்வு அலையை மெல்ல வளைத்து மழுக்கும். டிரான்சிஸ்டர் பெரும்பாலும் கத்தரியால் நறுக்கினாற்போல் வெட்டும். நம் பாடநூல் இதைக் குறை என்றே சொல்கிறது.

அமெரிக்காவில் இக்குறையை விரும்பியே தேடினார்கள். லிங்க் ரே 1958-இல் வெளிவந்த தம் 'ரம்பிள்' இசைக்காக ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பென்சிலால் துளையிட்டார். இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ் 1964-இல் சவர பிளேடால் கூம்பைக் கீறினார். இதற்கிடையே நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பழுதான கருவியால் கிதார் ஒலி உறுமியது. அந்த உறுமலை வேண்டும்போதெல்லாம் பெற ஒரு டிரான்சிஸ்டர் சுற்று அமைத்தார்கள். அது 1962-இல் 'பஸ்-டோன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தங்கள் 'சாட்டிஸ்பேக்ஷன்' பாடலில் அதைப் பயன்படுத்திய பிறகு விற்பனை பறந்தது. தெளிந்த ஒலியை நாடிய காதுகள் பத்தாண்டுக்குள் கரகரப்பை நாடின!

நம்மவர்க்கும் இச்சுவை புதிதன்று. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் நூலை நகர்த்தி ஜீவாளி சேர்ப்பது, மேற்சுரங்கள் ரீங்கரிக்க வேண்டும் என்றுதானே? வீணையும் தம்புராவும் தரும் மேற்சுரங்களைப் பற்றி சி. வி. இராமன் 1921-இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

ஒற்றைக் கம்பியை மீட்டும்வரை மழுங்கிய அலை செல்வமே. பிறப்பவை எல்லாம் அதே சுரத்தின் மடங்குகள். பல சுரங்கள் சேர்ந்தால்தான் வம்பு. அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடச் சுரங்களாகக் கிளம்பும். கிதாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். அதைச் சட்ஜமாகக் கொண்டால் பஞ்சமம் 164.8, வித்தியாசம் ஏறக்குறைய 55. அது அதே சட்ஜத்தின் கீழ் ஸ்தாயி. ஆகவே ஒலி தடிக்குமே தவிரக் கெடாது. நடுவே அந்தர காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். கிதாரில் அது 138.6. சட்ஜத்தோடு வித்தியாசம் 28.6, பஞ்சமத்தோடு 26.2. இப்படி அருகருகே நின்றும் ஒன்றாகாத சுரங்கள் பல தோன்றி, மோதிக் கூழாகின்றன. ஆகவே அவ்விசைஞர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டுச் சட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடிக்கலானார்கள். 'பவர் கார்டு' என்பது அதுதான். பெட்டியின் பழுது விரலின் பழக்கத்தையே மாற்றிவிட்டது. எனக்கு எல்லாவற்றிலும் வியப்பு இதுவே.

இப்போது வழக்குக்கு வருவோம். அன்று பாட்டும் தாளமும் கிதாரும் ஒரே பெட்டிக்குள் போயின. கூழாகாமல் என்ன செய்யும்? கடைக்காரர் சொன்னது சரி. கிதார்க்காரர் சொன்னதும், கிதாருக்கு மட்டும், சரி. கிதாரைத் தனிப் பெட்டியில் மழுக்கி, அதன்முன் மைக் வைத்தால் இருவர்க்கும் தீர்வு.

கடைப் பரணில் பழைய வால்வு ரேடியோ ஒன்று கிடந்தது. பின்புறம் கிராமபோனுக்கான துளை இருந்தது. ஒரு சிறு டிரான்சிஸ்டர் முன்பெருக்கி சேர்த்துக் கிதாரை அதில் இணைத்தேன். (செய்துபார்க்க விழைவோர் கவனிக்க: உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கி அதை விடாமல் வைத்திருக்கும். அதை என் ஆள்காட்டி விரல் ஒருமுறை கற்றுக்கொண்டது.)

அடுத்த முகூர்த்தத்தில் ரேடியோ உறுமியது. பாடகியின் குரல் தெளிவாகவே கேட்டது. கடைக்காரர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "கெட்டுப்போன ரேடியோவுக்கு மைக் வைக்கிறவன் நீ ஒருத்தன்தான்" என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.