அட்டியலுக்குள் அரக்கு

எனது தாயார் 2022ஆம் ஆண்டு காலமானார். அந்திரட்டிக் கிரியைகள் யாவும் முடிந்து உறவினர்கள் கலைந்த பின்னர், அவருடைய அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய பவுடர் பேணி ஒன்றை எடுத்துத் திறந்தேன். உள்ளே, ரோசா நிறத் தாளில் சுற்றிய அட்டியல். அதன் அடியில், நூலால் கட்டிய ஒரு சிறு கடதாசிக் கட்டு. அட்டியலை எனக்குத் தெரியும். கடதாசிக் கட்டை அன்றுதான் கண்டேன்.

தாய் விட்டுச் செல்லும் நகை என்றதும் நாம் எல்லோரும் சற்று நெகிழ்ந்துவிடுகிறோம். அம்மாவின் கழுத்தில் கிடந்தது, அம்மாவின் வாசம் வீசுவது என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். ஆயின், நேயர்களே, எமது முன்னோர் நகையை அவ்வாறு பார்த்தவர்கள்தானா என்ற ஐயம் அந்தப் பேணியைத் திறந்த நாள் முதலாக எனக்கு உண்டு.

முதலில் அந்த அட்டியல் எவ்வாறு செய்யப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். 1958இல் அம்மாவின் கலியாணத்துக்கென்று பாட்டியின் பதக்கத்தையும் ஒரு சோடிக் காப்பையும் உருக்கி, போதாததற்குச் சில பவுண் காசுகளையும் சேர்த்துச் செய்தது. பவுண் என்று நாம் வழங்கும் நிறை, ஆங்கிலேயரின் தங்க நாணயத்திலிருந்து வந்தது. 22 கரட் பொன்னால் வார்த்த அந்நாணயம் ஏறக்குறைய 8 கிராம் நிறையுடையது. இன்றும் 8 கிராமைத்தான் ஒரு பவுண் என்கிறோம். பத்தர் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து, பாட்டியின் கண்முன்னே உமியோடு குறடும் வைத்து வேலை செய்தாராம். பாட்டி அவ்விடத்தை விட்டு எழும்பவில்லையாம். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் செய்த வேலைக்கு எங்கள் பத்தர்மார் இத்தனை நூற்றாண்டுகளாகத் தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

இவ்வகைப் பழைய கல்லட்டியல் முழுப் பொன்னாலானதன்று. பொன்னை மெல்லிய தகடாக அடித்துச் சிறு கூடுகளாக வளைப்பார்கள். கூட்டின் உள்ளே உருக்கிய அரக்கை நிரப்புவார்கள். அரக்கின் மேல் மினுங்கும் மெல்லிய தாளொன்றை வைத்து, அதன்மீது சிவப்புக் கல்லைப் பதித்து, சுத்தப் பொன் இழையை விளிம்பில் அழுத்திக் கல்லை இறுக்குவார்கள். கல்லின் ஒளி பாதி கல்லுடையது, பாதி அடியிலிருக்கும் தாளுடையது. தண்ணீர் உள்ளே கசிந்தால் தாள் கறுத்துவிடும், கல்லும் மங்கிவிடும். ஆகவேதான் அம்மா அட்டியலுடன் கிணற்றடிக்குப் போனதில்லை. வியர்வைக்குப் பயந்து, கோயில் திருவிழாவுக்கே அதனைப் போடாமல் விட்ட ஆண்டுகள் உண்டு.

எனது தங்கை ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. அட்டியலை உருக்கி, ஆளுக்குப் பாதியாக இரண்டு சங்கிலி செய்வோம் என்பது தங்கையின் யோசனை. அதில் பிழை சொல்வதற்கில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமையே தாயின் சீதனம் பெண்மக்களுக்கு, தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கு என்ற பழைய வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறது. நாங்கள் இரண்டு பெண்கள். அட்டியல் ஒன்று. தம்பி ஒருவன் இருக்கிறான், அவன் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு, பின்னர் சொல்கிறேன்.

கொழும்பு செட்டியார் தெருவுக்கு எடுத்துச் சென்றேன். பத்தர் வயதானவர். கல்லில் உரைத்துப் பார்த்தார், தராசில் இட்டார். 41 கிராம் காட்டியது. ஐந்து பவுண் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். அவர் சிரித்தார்.

"அம்மா, உள்ளுக்கு முழுக்க அரக்கு. கல்லும் கழியவேணும். பொன் மூன்று பவுண் தேறினாலே பெரிய காரியம். உடைச்சுப் பார்த்தால்தான் சரியாச் சொல்லலாம்."

உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற பேச்சு தமிழ் படித்த எவரையும் மதுரைக்கே கொண்டு போய்விடும். கண்ணகியின் சிலம்பை உடைத்த பின்னர்தானே உள்ளிருந்தது மாணிக்கம், அரசியின் சிலம்பிலிருந்த முத்து அன்று என்பது வெளிப்பட்டது. ஆனால் அக்காப்பியத்தில் நாம் அதிகம் கவனியாத இடம் வேறொன்று உண்டு. முன்னோர் தேடிய செல்வத்தை எல்லாம் தொலைத்துவிட்டேன் என்று கோவலன் நாணி நிற்கும்போது, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணகி நீட்டுகிறாள். அவன் அதனை முதலாக வைத்து மதுரையில் வணிகம் செய்து, இழந்ததை மீட்கப் போகிறான். அவளுக்கு அது நினைவுப்பொருள் அன்று; ஆபத்துக்கு உதவும் முதல். மேல்நாட்டுச் சிறுகதைகளில் நிலைமை வேறு. மாப்பசானின் புகழ்பெற்ற அட்டிகைக் கதை 1884இல் வெளிவந்தது. நகை அசலா போலியா என்பதில்தான் அக்கதை சுழல்கிறது. எமது வீடுகளில் அந்தக் கேள்வி எழுவதில்லை. நகை வீட்டிலா, அடைவு கடையிலா என்பதே எமது கேள்வி.

அட்டியலை உடைக்காமல் திரும்பி வந்து, கடதாசிக் கட்டை அவிழ்த்தேன். அத்தனையும் அடைவுக்கு வட்டி கட்டிய பற்றுச்சீட்டுகள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் அம்மாவின் குண்டெழுத்து.

1972: "இறைப்பு மெசின்." மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்த காலம். ஐயா மெசின் வாங்கினார். இரண்டு போகத்தில் அட்டியல் வீடு திரும்பியது. 1979: "பெரியவள் பேராதனை." அந்தப் பெரியவள் நான்தான். முதலாம் ஆண்டில் நான் விடுதியில் இருந்து வாசித்த நாவல்கள், தைத்துப்போட்ட இரண்டு புதுச் சட்டைகள், எல்லாம் அந்த அட்டியலிலிருந்து வந்தவை என்பதை அறுபது வயது கடந்த பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் வாசித்து அறிகிறேன். அம்மா ஒரு சொல் சொன்னதில்லை. விடுமுறைக்கு வந்தபோது, "அட்டியலை ஏன் போடேல்லை?" என்று கேட்டதும், "வியர்வை பட்டாக் கல்லு மங்கிப் போகும் பிள்ளை" என்று அவர் கூறியதும் ஞாபகம் இருக்கிறது.

1986: "தம்பி ஏஜென்சிக் காசு." இது ஒரு சீட்டு அல்ல, பத்துக்கும் மேல். ஏலத்துக்கு விடாமல் வட்டியை மட்டும் கட்டிக் கட்டி நகையைக் காப்பாற்றியிருக்கிறார். தம்பி ஏன் பங்கு கேட்கவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். அவனுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

அதன் பின்னர் சீட்டு இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரேயடியாக எழும்பிச் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மாவும் நடந்தார். நல்ல மழை. அட்டியலைச் சீலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாராம். பவுடர் பேணிக்குள் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் இந்தப் பற்றுச்சீட்டுகளும். பேணி நனையவில்லை. அட்டியல் நனைந்தது. கிணற்றடித் தண்ணீர்கூடப் படாமல் காத்த நகையின் நடுப்பதக்கத்தில் மூன்று கற்கள் அன்று கறுத்தவைதான். 1996இல் ஊர் திரும்பிய பின்னரும் அவர் அவற்றைத் திருத்தவில்லை.

சென்ற மாதம் சீட்டுகளின் பின்புறத்தைப் படம்பிடித்துத் தங்கைக்கு அனுப்பினேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தாள். "என்ரை பேர் ஒண்டிலையும் இல்லையே அக்கா" என்றாள் முதலில். மெய்தான். அவள் ஆசிரிய கலாசாலைக்குப் போனபோது அட்டியல் தம்பியின் கணக்கில் அடைவில் கிடந்தது. அம்மா அவளுக்காகக் காப்பை விற்றார். விற்ற நகைக்கு வட்டிச் சீட்டு ஏது? இதனைச் சொல்லி முடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் அழுதாள். பிறகு, "உடைக்க வேண்டாம், பிள்ளை கலியாணத்துக்கு அப்படியே போடட்டும்" என்றாள்.

அட்டியல் இப்போது பயணத்துக்கு ஆயத்தமாக இருக்கிறது. கலியாணப் படங்களில் மூன்று கறுத்த கல் தெரியுமே, புதுத் தாள் வைத்துத் தா என்று தங்கை கேட்கிறாள். பத்தர் ஒரு நாள் வேலை என்கிறார். நான் இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.